படத்தில் இல்லாத மனிதர்

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023இல் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஒரு ஞாயிறன்று, ஓசூர்த் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் நண்பருடன் அங்குச் சென்றேன். குஜராத்துக் கலைஞர் ஜோதி பட் ஊர் ஊராகச் சென்று எடுத்த சுவரோவியங்கள், கோலங்கள், அவற்றை வரைந்த பெண்கள் ஆகியோரின் படங்கள் முன் நண்பர் நெடுநேரம் நின்றார்.

“நம் பக்கத்தை இவ்வாறு எவரேனும் எடுத்ததுண்டா, பாய்?”

உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞர் லின்னியஸ் டிரைப் இராயக்கோட்டைக் காட்சிகளை எடுத்து 1858இல் தொகுதியாக்கினார். மலையும் கோட்டையும் பதிந்தன. அந்நாளைய காகித நெகடிவில் ஒளி பதிய நேரமாகும். நடமாடுவோர் அதில் தங்கார்.

குறையை அவர்மீது மட்டும் சுமத்தல் தகாது. படமெடுத்தல் ஆகாதென வாழ்ந்த என் பாட்டனாருக்கு எஞ்சியிருப்பது, ஹஜ் பயணக் கடவுச்சீட்டுக்காக எடுத்த ஒரே படம். அத்தயக்கத்தை நான் எள்ளவில்லை. மார்க்கப் பற்றில் விளைந்தது அது. ஆயினும் அப்படமின்றேல் அவர் முகத்தை என் மக்கள் அறியார். தேவைக்கு இசைந்ததை வரலாற்றுக்கு மறுக்கலாமா என்று பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

சிப்காட் வந்தபின் ஓசூருக்குப் பிழைப்புத் தேடி வந்தோர் பல மொழியினர். அவர்தம் பழைய அடையாள அட்டைகள் அலமாரிகளில் மங்குகின்றன. உரியோர் இசைவுடன், பெயரும் ஆண்டும் குறித்து, நம் துறை மாணவர் அவற்றைத் தொகுக்கலாமே! இதைக் கூறியபோது நண்பர் சிரித்தார். மறுவாரம் தம் தந்தையாரின் அட்டையைக் கொணர்ந்து தந்தார். முகம் பாதி அழிந்திருந்தது.