மீன்பிடிக்கிறவன் என்றால் திட்டா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பேரன் துடுப்புப் போடுகிற படம் ஒன்றை இங்கே போட்டிருந்தேன். இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம், மேடிசன் ஆறு. மகள் குடும்பம் அங்கே பொஸ்மன் என்ற ஊரில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பேரன் ஃப்ளை ஃபிஷிங் கைடாக இருக்கிறான். தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் ஏற்றி ஆற்றில் அழைத்துப்போய், மீன் இருக்குமிடம் காட்டி, வீசக் கற்றுக்கொடுத்து, பத்திரமாகக் கரை சேர்க்கிற வேலை. இது மூன்றாவது வருடம். பெருமையாகத்தான் எழுதினேன்.

கீழே வந்ததைப் பாருங்கள். "அமெரிக்கா போயும் மீன்பிடிக்கிற வேலையா மாமா?" என்றார் ஒருவர். "டிகிரி முடிச்சிட்டு படகு தள்றானா, பாவம்" என்றார் இன்னொருவர். "இது பொழுதுபோக்கு சரி, மெயின் வேலை என்ன சார்?" என்று என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். ஒருவர் இங்கே எதுவும் எழுதாமல் என் மகளுக்குத் தனியாகப் போன் போட்டு அரை மணி நேரம் துக்கம் விசாரித்திருக்கிறார்.

பேரனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அம்மாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறான். அன்றிரவு வீடியோ காலில் வந்து கேட்டான்: "தாத்தா, மீன்பிடிக்கிறவன்னா நம்ம ஊர்ல திட்டா?"

முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். பதில் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. "அப்புறம் பேசலாம்பா" என்று வைத்துவிட்டேன். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். போன வருடம் கோடையில் நான்கு மாதம் அங்கே இருந்து கண்ணால் பார்த்தது இது.

காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் போனில் ஆற்றைப் பார்க்கிறான். அரசாங்கம் ஆறு நெடுக அளவுமானிகள் வைத்திருக்கிறது. வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் ஓடுகிறது, வெப்பம் எவ்வளவு என்று அவை சொல்லும். மேட்டூர் அணைச் செய்தியில் வருகிற அதே கன அடிதான். அந்த எண்ணைப் பார்த்தே எந்த இடத்தில் படகை இறக்குவது, எந்தப் பாறை இன்று மூழ்கியிருக்கும் என்று முடிவு செய்கிறான். பிறகு வருகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டி, படகை வண்டியில் கோத்துக்கொண்டு கிளம்புகிறான். திரும்பி வரச் சாயங்காலம் ஆறு, ஏழு ஆகிவிடும்.

படகு ஓட்டுவதும் லேசான வேலை இல்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூண்டிலோடு நிற்க, இவன் நடுவில் உட்கார்ந்து ஆறு போகும் திசையைப் பார்த்தபடி துடுப்பைப் பின்னோக்கி வலிக்க வேண்டும். போவதற்காக வலிப்பதில்லை. ஆறு இழுக்கிற வேகத்தைக் குறைப்பதற்காக நாள் முழுக்க ஆற்றோடு மல்லுக்கட்டுவது. அதே நேரம் பாறையைப் பார்க்க வேண்டும், காற்றைப் பார்க்க வேண்டும், முதல்முறை வந்தவர் வீசுகிற கொக்கி யார் காதில் மாட்டப்போகிறது என்றும் பார்க்க வேண்டும். இதற்கு மாநில அரசின் உரிமம் வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் வேண்டும்.

இந்தத் தூண்டிலில் புழு கிடையாது. சின்னக் கொக்கியில் நூல், இறகு, ரோமம் சுற்றி ஒரு பூச்சியைப்போலச் செய்கிறார்கள். அதைத்தான் ஃப்ளை, ஈ என்கிறார்கள். அதற்கு எடையே இல்லை. வீசுவதற்கு வேண்டிய எடை கயிற்றில் இருக்கிறது. பொஸ்மன் கடை ஒன்றில் அதற்கான இறகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டலத்தில் "இந்தியச் சேவல் கழுத்து" என்று போட்டிருந்தது. நம் நாட்டுச் சேவல் இறகு அங்கே போய் டிரவுட் மீனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது!

எந்த ஈயைக் கட்டுவது என்பதில்தான் படிப்பு இருக்கிறது. பேரன் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினான். அடியில் மேஃப்ளையின் இளம்பருவப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முதிர்ந்த மேஃப்ளைக்கு உண்ணும் வாய் கிடையாது, ஓரிரு நாளில் இணைந்து, முட்டையிட்டு, செத்துவிடும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் படம் போட்டிருப்பேன்! உயிரோடு அன்றுதான் பார்த்தேன். சால்மன் ஃப்ளை என்று இன்னொன்று. மூன்று நான்கு வருடம் ஆற்றுக்கடியில் கல் இடுக்கில் வாழ்ந்துவிட்டு, ஒரு ஜூன் மாதம் கரையேறிச் சிறகு விரிக்கும். எந்தப் பூச்சி எந்த வாரம், எந்தத் தண்ணீர்ச் சூட்டில், எத்தனை மணிக்கு மேலே வரும் என்பது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் முதுகலைப் பட்டதாரி ஆசிரியர்.

இனி, "மெயின் வேலை என்ன" என்று கேட்டவருக்கு.

ஜூலையில் ஒரு நாள் அவன் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். முழு நாளுக்குப் பணம் கட்டி வந்திருந்த இரண்டு பேரை பன்னிரண்டு மணிக்கே கரையேற்றிவிட்டான். ஏன் என்று கேட்டேன். தண்ணீர் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டதாம். அங்கே ஒரு விதி உண்டு. ஆற்றின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரியைத் தொட்டால், நம் கணக்கில் ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸ், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போட அரசு தடை விதிக்கலாம். அன்று அந்தப் பகுதிக்குத் தடை வரவில்லை. வந்தவர்களும் அதைத்தான் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

இவன் சொன்ன பதில்: "சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி. கொக்கியில போராடிக் களைச்ச மீன் கையிலேருந்து நல்லாத்தான் நீந்திப் போகும். நீங்க சந்தோஷமா ஊருக்குப் போயிடுவீங்க. அது அரை மணி கழிச்சுப் பாறைக்குப் பின்னாடி செத்துக் கிடக்கும். நாளைக்கு அந்த வழியா நான்தான் வரணும்."

அன்று அவனுக்கு டிப்ஸ் கிடைக்கவில்லை. அங்கே கைடுகளின் வருமானத்தில் டிப்ஸ் பெரிய பங்கு. சட்டம் தடுக்காத இடத்தில், கேட்க ஆளில்லாத இடத்தில், தன் கூலியை விட்டுக்கொடுத்து ஒருவன் "போதும்" என்று சொன்னான். நம் குடும்பத்தில் அரசு வேலையிலும் கம்பெனி வேலையிலும் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள் நிறைய. அப்படி எத்தனை முறை சொன்னோம் என்று அவரவர் யோசித்துக்கொள்ளுங்கள். நானும் யோசித்தேன்.

இன்னொரு மாணவி நியாயமான கேள்வி கேட்டிருந்தாள். பிடித்த மீனைத் தின்னவும் செய்யாமல் விட்டுவிடுவது பணக்காரர்கள் விளையாட்டுக்காகச் செய்கிற கொடுமை இல்லையா என்று. இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஜெர்மனியில், திரும்ப விடுவதற்காகவே மீன்பிடிப்பது விலங்குவதைச் சட்டப்படி குற்றமாகக் கருதப்படுகிறது. பேரனிடமே கேட்டேன். "மீனுக்கு நல்லதுன்னு சொல்ல மாட்டேன் தாத்தா" என்றான். முள் இல்லாத கொக்கி, ஈரக்கை, மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காமலே விடுவிப்பது எல்லாம் தீங்கைக் குறைக்கின்றன. இல்லாமல் ஆக்குவதில்லை.

ஆனால் அம்மா, இதையும் கேள். அந்த ஆறுகளில் ஒரு காலத்தில் பண்ணையில் வளர்த்த டிரவுட்டைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். டிக் வின்சென்ட் என்ற அரசு உயிரியலாளர் மேடிசன் ஆற்றில் மீன்களை எண்ணிப் பார்த்து, பண்ணை மீனை விடவிட ஆற்றிலேயே பிறந்த மீன் குறைகிறது என்று கண்டார். எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் 1974-இல் மொன்டானா தன் ஆறுகளில் பண்ணை டிரவுட் விடுவதை நிறுத்தியது. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள் பெருகின. நம் பிராய்லர் கோழிப் பள்ளிகளை நடத்துகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

2021 நவம்பர் 30 அன்று மேடிசன் ஆற்றின் ஹெப்கன் அணையில் மதகின் ஒரு பாகம் உடைந்து, தண்ணீர் திடீரென்று பாதிக்கும் கீழே போய்விட்டது. பழுப்பு டிரவுட் முட்டையிட்டு முடித்திருந்த காலம். ஓரத்துக் குழிகளில் மீன்கள் மாட்டிக்கொண்டன, முட்டைகள் வெளியே தெரிந்தன. அந்தக் குளிரில் வாளியோடு இறங்கி மீன்களை அள்ளி நடு ஆற்றில் விட்டவர்கள் யார்? கைடுகள், தூண்டில் கடைக்காரர்கள், அக்கம்பக்கத்து ஜனங்கள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் பேரனும் நண்பர்களோடு போனான். இந்த வேலைக்குத்தான் வருவேன் என்று அவன் முடிவு செய்தது அன்று.

பணக்காரர் விளையாட்டு என்பதும் பாதிதான் உண்மை. கைடோடு ஒரு நாள் போக அறுநூறு டாலருக்குக் குறையாது. நம்மைப் போன்றவர்களுக்கு அது எட்டாது. ஆனால் ஆறு எல்லோருக்கும் சொந்தம். இருகரையும் கோடீஸ்வரன் நிலமாக இருந்தாலும், பொது வழியாக இறங்கிவிட்டால் வழக்கமாகத் தண்ணீர் உயருகிற கரைமட்டம் வரை யாரும் நடக்கலாம், தூண்டில் போடலாம் என்று மொன்டானாவில் 1985-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் குளத்துக்கும் ஓடைக்கும் அப்படி ஒரு பாதை மிச்சமிருக்கிறதா?

உறவினர்களின் கவலையில் நியாயம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குப் பென்ஷன் இல்லை. மருத்துவக் காப்பீட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல வருமானம் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். பனிக்காலத்தில் வேறு வேலை தேட வேண்டும். நாற்பது வயதில் தோள்பட்டை போய்விடும் என்று மூத்த கைடுகளே சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஆறே நிச்சயமில்லை. 2016 ஆகஸ்டில் ஓர் ஒட்டுண்ணியால் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து, யெல்லோஸ்டோன் ஆற்றில் 183 மைல் தூரத்துக்கு யாரும் இறங்கக்கூடாது என்று மூடிவிட்டார்கள். சீசன் நடுவில் கைடுகளுக்குப் பிழைப்பு நின்றது. 2023-இல் பிக் ஹோல் ஆற்றில் டிரவுட் எண்ணிக்கை இதுவரை காணாத அளவுக்குக் குறைந்தது. மாதாமாதம் பென்ஷன் வாங்கிக்கொண்டு நான் இந்த வேலையைப் புகழ்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். அவன் எதிர்காலத்தை நினைத்து நானும் தூக்கம் கெடுகிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியது கவலை இல்லை. கவலைப்படுகிறவர் "ஆறு வற்றினால் என்ன செய்வான்?" என்று கேட்டிருப்பார். நீங்கள் கேட்டது "மீன்பிடிக்கிற வேலையா?" என்று. அந்த "யா"வில் இருப்பது என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். வெயிலில் தண்ணீரில் நின்று செய்கிற வேலையை இன்னார்தான் செய்ய வேண்டும், நாம் செய்யக்கூடாது என்ற பழைய கணக்கு. சாதி என்று சொல்லாமல் சாதி பேசுவது. வாங்குவது டாலரானாலும் அந்தக் கணக்கு நம்மை விட்டுப் போகவில்லை.

உங்களை மட்டும் சொல்லவில்லை. இதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பேரனின் விடுமுறை நாள் ஒன்றில் அந்தப் படகில் போனபோது, நான் ஏதோ நினைப்பில் செருப்பால் படகின் தரையைத் தட்டினேன். "தட்டாதீங்க தாத்தா, மீனுக்குத் தெரியும்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளியில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். இரவு அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு வந்து வகுப்பில் தூங்குவான். ஒரு நாள் எழுப்பி நிறுத்தி, மீனின் பக்கக்கோட்டு உறுப்பு எதற்கு என்று கேட்டேன். முழித்தான். பிறகு மெதுவாக, "சார், ராத்திரி துடுப்புத் தட்டுச்சுன்னா சாளைக் கூட்டம் அப்படியே ஒதுங்கிரும் சார்" என்றான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கதை அளக்கிறான் என்று எனக்குக் கோபம். "நீயெல்லாம் வலை இழுக்கத்தான் லாயக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

பக்கக்கோட்டு உறுப்பின் வேலை, தண்ணீரின் அதிர்வை உணர்வது. அவன் சொன்னது சரியான விடை. புத்தகத்து வார்த்தையில் இல்லாததால் அது விடை என்று எனக்குத் தெரியவில்லை. அதே விடையை முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து என் பேரன் சொன்னபோது நான் பெருமைப்பட்டேன்.

அந்த வகுப்பில் படித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பேரனுக்கு நேற்றுப் பதில் சொன்னேன். "ஆமாப்பா, நம்ம ஊர்ல அது திட்டுதான். நானே திட்டியிருக்கேன். தப்பு எங்க மேலதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓகே தாத்தா. அடுத்த ஜூன்ல வாங்க, சால்மன் ஃப்ளை வரும்போது" என்றான்.

இனி என் மகளுக்குப் போன் செய்கிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். துக்கம் விசாரிக்காதீர்கள். ஆற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் கீழேயே எழுதலாம், பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் வாத்தியார்