நுரையீரல் தெளிந்த பிறகும்

நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்து மீளும் முதியவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு, அப்படிச் சேராதவர்களைவிடக் கூடுதல். அமெரிக்காவில் 65 வயதைத் தொட்டவர்கள், கடந்தவர்கள் என 5,888 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த இதயநல ஆய்வின் தரவுகளிலிருந்து 2013-இல் வெளியான கட்டுரை, அது ஏறக்குறைய இரு மடங்கு என்று கணக்கிட்டது. அதே கட்டுரை மறுபக்கத்தையும் காட்டியது: சிந்தனைத் திறன் முன்பே சரியத் தொடங்கியவர்களை நிமோனியா அதிகம் தாக்குகிறது. விழுங்கும்போது புரையேறுவது, வாய்ச் சுத்தம் குறைவது, மாத்திரையை மறப்பது ஆகியவை அதற்கு வழிவிடுகின்றன. ஆகவே நிமோனியாவை மட்டும் குற்றவாளியாக்குவது சரியல்ல.

நுரையீரலில் மூளும் அழற்சி அங்கேயே நின்றுவிடுவதில்லை. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் இரத்தத்தில் கலந்து, இரத்த-மூளைத் தடுப்பைத் தளர்த்தி, மூளையின் மைக்ரோக்ளியா செல்களைக் கிளறிவிடுகின்றன. ஆக்சிஜன் குறைவும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் கூடவே சேர்கின்றன. இவை கண்ணில் படும் வடிவம்தான் டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம். சுவாசச் செயலிழப்பு அல்லது அதிர்ச்சி நிலையோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 821 பேரை ஆராய்ந்து 2013-இல் வந்த இன்னோர் ஆய்வில், ஓராண்டு கழித்துச் சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவரின் சிந்தனைத் திறன் மதிப்பெண் லேசான அல்சைமர் நோயாளிகளுடையதை ஒத்திருந்தது. டெலிரியம் நீடித்த நாள்கள் கூடக்கூட மதிப்பெண் குறைந்தது. வயதில் இளையவர்களும் தப்பவில்லை.

வார்டில் கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். மூன்றாம் நாள் போர்வை நுனியை விரலால் நிமிண்டிக்கொண்டு, கேட்டதற்கு அரை வார்த்தையில் பதில் சொல்லி, சோற்றை வாயிலேயே வைத்துக்கொண்டு கண் மூடும் பாட்டியை யாரும் கவனிப்பதில்லை. கேஸ் ஷீட்டில் ‘நன்றாகத் தூங்குகிறார்’ என்று பதிவாகிறது. அது பெரும்பாலும் தூக்கமல்ல, அமைதியான டெலிரியம். தூக்கத்துக்கென்று தரும் அல்பிரசோலமும் அரிப்புக்கென்று போடும் ஏவிலும் அதை இன்னும் ஆழமாக்கும். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கையில் கொடுப்பது, பகலில் எழுப்பி உட்காரவைப்பது, வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் இருக்கவிடுவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எக்ஸ்-ரே, ஆக்சிஜன் அளவு, ஆன்டிபயாட்டிக் நாள்கள் எல்லாம் இருக்கும். மனத் தெளிவு பற்றி ஒரு வரி இருக்காது. இந்தக் குறை உடனே தீர வேண்டியது. சேரும் நாளிலேயே வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: போன மாதம் வரை காசுக் கணக்கையும் மாத்திரையையும் அவரே பார்த்துக்கொண்டாரா? அந்தப் பதில் எழுதப்பட்டிருந்தால்தான், பின்னர் தெரியும் சரிவு பழையதா புதியதா என்று பிரிக்க முடியும். மூன்று மாதம் கழித்து ஒரு மறுபரிசோதனை தேவை. மோக்கா (MoCA) என்ற சிந்தனைத் திறன் சோதனையின் தமிழ் வடிவம் உதவும். பள்ளிப் படிப்பு குறைந்தவர்களின் மதிப்பெண்ணை மட்டும் நிதானித்துப் பார்க்க வேண்டும். நியூமோகாக்கல், இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகளை நினைவூட்டவும் அந்த வருகையே தக்க நேரம். மாத்திரைப் பட்டையை மேசையில் வைத்து, இரவு மாத்திரை எது என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். மகள் முந்திக்கொண்டு பதில் சொன்னால், கேள்வியை நோயாளியிடமே மறுபடி கேட்க வேண்டும்.