மலிவு வேறு, சிக்கனம் வேறு

இடப்பள்ளிச் சந்திப்பிலே இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் கூடுகின்றன. அங்கே கார்கள் கக்கும் புகையை நாமும்தான் சுவாசிக்கிறோம். ஆகவே, பழைய கார் வைத்திருப்போருக்கு ஒரு சொல்.

1976-இல் பாஷ் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கிய ஆக்ஸிஜன் சென்ஸார் விரலளவுக் கருவிதான். எனினும், புகையில் எஞ்சிய பிராணவாயுவை உணர்ந்து, பெட்ரோலின் அளவைத் திருத்த உதவுவது அதுவே. அது பழுதுபட்டால் பெட்ரோல் வீணாகும். விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும்.

அதற்காக, எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடனே புதியது வாங்குவதா? கூடாது. புகைக்குழாயில் ஓட்டை விழுந்தாலும் சென்ஸார் பொய்க் கணக்குச் சொல்லும். முதலில் சோதியுங்கள். எஞ்சின் சூடானபின், கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள சாதாரண ஸிர்கோனியா சென்ஸாரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விரைந்து ஊசலாட வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமெனில், விலைக்குமுன் பார்ட் நம்பரைப் பாருங்கள். கம்பிகளின் எண்ணிக்கை ஒத்தால் போதாது. ஸிர்கோனியா மின்னழுத்தம் தரும்; டைட்டானியாவோ மின்தடையில் மாறும். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. கம்பியை வெட்டி இணைக்கும் பொதுவகையினும், அப்படியே பொருந்தும் வகையே நன்று. பல சென்ஸார்களுக்கு ஒப்பீட்டுக் காற்று கம்பி வழியேதான் செல்கிறது; ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அவ்வழி அடைபடும்.

மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்பவர்கள் நாம். ஆதலால்தான் சொல்கிறேன்: மலிவானதை இருமுறை வாங்குவதினும், பொருத்தமானதை ஒருமுறை வாங்குவதே சிக்கனம்.