அடிக்கடி ட்ரிப் ஆகிறதா? சுவிட்ச் மேல் கோபப்படாதீர்கள்!

வாஷிங் மெஷினைப் போட்டதும் வீடு முழுக்க கரன்ட் போய்விடுகிறது. போர்டில் விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டால், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் விழுகிறது. மழைக்காலத்தில் பல வீடுகளில் இதுதான் கதை. கடைசியில், "பெரிய தொல்லையா இருக்கு, இதை எடுத்துட்டு நேரா லைன் கொடுத்துடுங்கண்ணே" என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுகிறார்கள். கரன்ட் போவது நின்றுவிடும். கசிவு நிற்காது.

எம்.சி.பி மட்டும் போதாதா?

போதாது. எம்.சி.பி காப்பாற்றுவது வயரை. லோடு கூடினாலோ, ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ அது விழும். ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போது உடம்பில் பாயும் மின்சாரம் பெரும்பாலும் அரை ஆம்பியர்கூட இருக்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி-க்கு அது தெரியவே தெரியாது. ஆனால், உயிரைப் பறிக்க அதில் சிறு பகுதியே போதும்.

வழக்கில் ஈ.எல்.சி.பி என்று சொல்லப்படும் ஆர்.சி.சி.பி வேலை செய்வது வேறு விதம். வீட்டுக்குள் போன மின்சாரம் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் கசிந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று குறிப்பிட்டதையே கேட்டு வாங்க வேண்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் இதுவும் காப்பாற்றாது.

எந்தப் பொருளில் கசிவு?

* எல்லா பிளக்கையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.
* ஈ.எல்.சி.பி-யைத் தூக்கிவிடுங்கள். அப்போதும் விழுந்தால், கோளாறு வயரிங்கிலோ, நேரடி இணைப்புள்ள மோட்டார் போன்றவற்றிலோ இருக்கலாம். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
* நின்றால், ஈரமில்லாத கையோடு, காலில் செருப்போடு, ஒவ்வொரு பொருளாகச் செருகிப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, கசிவு அதில்தான்.

பெரும்பாலும் மாட்டுவது வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், கிரைண்டர், மழை படும் வெளிவிளக்கு.

பில்லிலும் கசிவு

ஈ.எல்.சி.பி இல்லாத வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருந்தால், 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 7 வாட். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 10 யூனிட். யாருக்கும் பயன்படாத மின்சாரத்துக்கும் பில் வரும்.

மாதம் ஒரு தடவை

ஈ.எல்.சி.பி-யில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு நாள், கரன்ட் இருக்கும்போது அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல், முதலில் மெயினை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதையும் சேர்த்து அணைக்க வேண்டும். பிறகு 108.

வீட்டில் குழந்தைகள், வயதானவர்கள் ஈரக் கையோடு சுவிட்ச் போடுவதை எப்போதும் தடுக்க முடியாது. யாரும் பார்க்காத அந்த நேரத்திலும் விழித்திருப்பது அந்த 'தொல்லை' சுவிட்ச்தான்.