பத்திரிகையின் கடைசி வரி



சென்ற மாதம் எங்கள் குழுக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது, ஓர் அக்கா தன் பையிலிருந்து இரண்டு பத்திரிகைகளை எடுத்து மேசையில் விரித்தார். 2009 இலிருந்து கணவரைத் தேடி அலைபவர் அவர். இரண்டு நாட்களுக்கு முன்னர் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரம் இருந்த போராட்டத்தில் அவரும் படத்தை ஏந்தியபடி இருந்தார். ஒரு பத்திரிகையில் அது முதற் பக்கத்தில் படத்துடன் வந்திருந்தது. மற்றதில் உள்பக்கம் ஒன்றின் அடியில் நான்கு வரி. அதற்கு மேலே பாதிப் பக்கத்திற்கு, ஓர் அரசியல்வாதி நாடா வெட்டி வீதி திறக்கும் படம்.

“ரெண்டு பேப்பர்காரரும் ஒரே வெயிலுக்கதானே நிண்டவை, தங்கச்சி. ஒராளுக்கு நாங்கள் தெரிஞ்சம். மற்றாளுக்கு ஏன் தெரியேல்லை?” என்று கேட்டார்.

“அந்தத் தம்பியும் எழுதித்தான் குடுத்திருப்பார், அக்கா. அதை எந்தப் பக்கத்தில போடுறது, எவ்வளவு போடுறது எண்டு முடிவெடுக்கிறது வேற ஆக்கள்” என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. ‘ஊடக உடைமை’ என்று பல்கலைக்கழகத்தில் பத்துப் பக்கம் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அந்த அக்காவுக்கு விளங்கும்படி சொல்ல அன்று வார்த்தை வரவில்லை. அதனால் இம்முறை இதையே எழுதுகிறேன். அவை எந்தப் பத்திரிகைகள் என்பது இங்கே முக்கியமில்லை.

எங்கள் நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் லேக் ஹவுஸ் நிறுவனம். டி.ஆர். விஜேவர்தன என்பவர் சில பத்திரிகைகளை விலைக்கு வாங்கியும் சிலவற்றைப் புதிதாகத் தொடங்கியும் ஒரே கூரையின் கீழ் சேர்த்தார். ‘தினமின’, ‘டெய்லி நியூஸ்’, ‘ஒப்சேவர்’, 1932 இல் தமிழில் ‘தினகரன்’ என்று மூன்று மொழி வாசகர்களும் ஒரு குடும்பத்தின் கைக்குள் வந்தார்கள். அந்தக் குடும்பம் சாதாரணமானதல்ல. பின்னாளில் ஜனாதிபதியான ஜே.ஆர். ஜயவர்தன, விஜேவர்தனவின் சகோதரியின் மகன். ரணில் விக்கிரமசிங்க அவருடைய மகளின் மகன். அந்தப் பத்திரிகைகள் எந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கம் 1964 இல் லேக் ஹவுஸைக் கையேற்க முயன்றது. அவருடைய ஆட்களே கட்சி மாறியதால் டிசம்பர் 3 ஆந் திகதி பாராளுமன்றத்தில் ஒரேயொரு வாக்கினால் தோற்றுப் பதவியிழந்தார். திரும்பவும் ஆட்சிக்கு வந்து 1973 இல் சட்டம் கொண்டுவந்தார். நிறுவனத்தின் பங்குகளில் 75 வீதம் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் போனது. பிறகு அவை பரந்த அளவில் பொதுமக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் என்றார்கள். ஒரு குடும்பத்தின் பிடியை உடைக்க வேண்டும் என்று சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அடுத்த வருடமே, 1974 இல், அதே அரசாங்கம் ‘தினபதி’, ‘சிந்தாமணி’ ஆகிய தமிழ்ப் பத்திரிகைகளை வெளியிட்ட தவச நிறுவனத்தைப் பூட்டி முத்திரை வைத்தது. அதற்கு என்ன நியாயம் சொல்வது?

1977 இல் ஜே.ஆர். வந்தார். பூட்டிய தவச நிறுவனமும் அந்த வருடமே திறந்தது. மாமனுடைய லேக் ஹவுஸை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கவுமில்லை. ரணில் பல தடவை பிரதமராகவும் 2022 இல் ஜனாதிபதியாகவும் வந்தார். பேரனும் கொடுக்கவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது அரச பத்திரிகையைத் திட்டுகிறவர்கள், ஆட்சிக்கு வந்ததும் முதலில் செய்வது அதற்குத் தங்கள் ஆளைத் தலைவராக நியமிப்பதுதான்.

இதெல்லாம் கொழும்புக்காரரின் சண்டை, எங்களுக்கென்ன என்று நினைக்கிறீர்களா? 2009 தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். வன்னியில் எஞ்சியிருப்பது எழுபதாயிரம் பேரளவில்தான் என்று அரசாங்கம் சொன்னது. அரச பத்திரிகையும் தொலைக்காட்சியும் அதையே சொல்லின. வெளிச் செய்தியாளர் உள்ளே வந்து எண்ணிப் பார்க்க அனுமதி இல்லை. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். அந்தக் குறைந்த எண்ணிக்கையை வைத்தே உணவும் மருந்தும் குறைக்கப்பட்டதை 2011 இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நீங்கள். பத்திரிகையில் ஓர் எண் பிழைத்தால் பானையில் அரிசி குறையும் என்பது எனக்கு முன்னரே உங்களுக்குத் தெரியும்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அப்போது வன்னியில் உங்கள் கைக்குக் கிடைத்த பத்திரிகையும் காதில் விழுந்த வானொலியும் இயக்கத்தினுடையவை. பிள்ளையைப் பலவந்தமாகக் கொண்டுபோனபோது படலையடியில் விழுந்து அழுத தாயின் கதை அவற்றில் வரவில்லை. அவற்றுக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார்.

போர் முடிந்த பின் வேறொரு வழி வந்தது. பத்திரிகையை எரிக்கவோ பூட்டவோ வேண்டாம், வாங்கிவிட்டால் போதும். ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 ஆந் திகதி கொல்லப்பட்ட பிறகும், அந்த ஆங்கிலப் பத்திரிகை ஒரு பெண் ஆசிரியரின் கீழ் துணிவாக வந்துகொண்டிருந்தது. 2012 இல் வர்த்தகர் ஒருவர் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கினார். சில வாரங்களில் ஆசிரியர் பிரெட்ரிகா ஜான்ஸ் நீக்கப்பட்டார். ஜனாதிபதியின் குடும்பத்தை விமர்சிக்க வேண்டாம் என்று தன்னிடம் கேட்கப்பட்டதாக அவர் சொன்னார். பத்திரிகையின் பெயர் மாறவில்லை. எழுத்தும் மாறவில்லை. கடையில் வாங்குகிறவருக்கு உரிமையாளர் மாறியது எப்படித் தெரியும்?

எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. யாழ்ப்பாணத்து ‘உதயன்’ 2006 மே 2 ஆந் திகதி தாக்கப்பட்டு இரண்டு ஊழியர்கள் பலியானார்கள். அவ்வளவு விலை கொடுத்த பத்திரிகை அது. அதன் நிர்வாக இயக்குநர் 2010 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினரானார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தேர்தல் காலத்தில் எந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்தாலும் அதன் உரிமையாளர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு வாசியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தெரிந்துகொள்ள ஓர் இலேசான வழி உண்டு. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், அடியில், கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். இன்ன நிறுவனத்தினரால் இன்ன விலாசத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்டது என்று. அந்த நிறுவனம் யாருடையது, அவர்களுக்கு வேறென்ன வியாபாரம், யாரோடு உறவு என்று கேட்டுப் பாருங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தேடித் தருவார்கள். கைத்தொலைபேசியில் வரும் செய்திகளில் பலவற்றுக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. உங்களைப் பற்றிப் பிழையாக எழுதினால் ஆசிரியருக்கு எழுதலாம். பதில் இல்லாவிட்டால் 2003 இல் தொடங்கிய பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது, அங்கே முறையிடலாம். பிழையாக எழுதாமல், எழுதாமலே விட்டால்? அதற்கு எந்த ஆணைக்குழுவும் இல்லை.

அந்த அக்கா நான்கு வரி போட்ட பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன். “நாங்கள் எத்தினை பேர் இருந்தம், எத்தினை மணித்தியாலம் இருந்தம் எண்டு மட்டும் போட்டால் காணும்” என்று முடித்திருந்தார். இதை எழுதும்வரை அது வெளிவரவில்லை. காலையில் பால் கொடுக்கப் போகிற வழியில், கடைக்காரத் தம்பியிடம் கேட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்கிறாராம்.