கூர்நோக்கு இல்லம் யாருக்காக?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் என்று நின்று செல்லும் மின்சார ரயிலில் அந்தத் தூரத்தைப் பல ஆண்டுகளாகக் கடந்து வருகிறேன். 2022 டிசம்பர் இறுதியில் தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இதே தடத்தின் ஒரு முனையில் பிடிபட்டு, மறுமுனையில் இறந்தான். ரயில்வே இடத்திலிருந்து பேட்டரி திருடியதாக டிசம்பர் 29 அன்று ரயில்வே பாதுகாப்புப் படையினர் அவனைப் பிடித்தனர். செங்கல்பட்டில் உள்ள சிறார்களுக்கான அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட அவன், டிசம்பர் 31 அன்று உயிரிழந்தான். அடித்ததால் இறந்தான் என்ற குற்றச்சாட்டின்பேரில் அந்த இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர்.

அவனுடைய பெயர் அப்போது எல்லா ஊடகங்களிலும் வெளிவந்தது. சட்டத்தின் நடைமுறைக்குள் வந்த எந்தக் குழந்தையின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. எனவே, நான் அதை எழுதவில்லை. இறந்த பிறகு உலகமே அறிந்த ஒரு பெயர், உயிரோடு இருந்த இரண்டு நாட்களில் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை என்பது வேறு விஷயம்.

ஊழியர்களின் குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நான் கேட்க விரும்புவது அதற்கு முந்தைய கேள்வி: அந்தச் சிறுவன் ஏன் அந்த இல்லத்துக்குள் இருந்தான்?

பொதுப்பேச்சில் இன்றும் ‘சீர்திருத்தப் பள்ளி’ என்றே சொல்கிறோம். பழைய சொல் அது. செங்கல்பட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய அரசு அப்படியொரு பள்ளியை நடத்தியது. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறார்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியதும் சென்னை மாகாணம்தான்; அது 1920இல். வங்கமும் பம்பாயும் அதற்குப் பிறகே வந்தன. ‘சீர்திருத்தம்’ என்ற சொல், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் திருத்தப்பட வேண்டியவர்கள் என்ற எண்ணத்தை நம் மனத்தில் விதைத்துவிட்டது. 2015ஆம் ஆண்டின் சட்டமோ இரண்டு வகை இல்லங்களைத் தெளிவாகப் பிரிக்கிறது. குற்றம் செய்ததாக இளைஞர் நீதிக் குழுமம் விசாரித்து முடிவுக்கு வந்த பிறகு அனுப்பப்படுவது சிறப்பு இல்லம். விசாரணை முடியும்வரை தற்காலிகமாகத் தங்கவைப்பது கூர்நோக்கு இல்லம். விசாரணை நிலையில் இருக்கும் சிறுவன், சட்டத்தின் கண்ணில் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாதவன். பெரியவர்கள் விஷயத்தில் ‘விசாரணைக் கைதி’ என்று சொல்வோமே, ஏறத்தாழ அந்த நிலை.

பெரியவர்களுக்கு இல்லாத ஒரு சலுகையைச் சட்டம் இந்தச் சிறுவனுக்குத் தருகிறது. பிணையில் விடக்கூடிய குற்றமா, விடக்கூடாத குற்றமா என்று பார்க்காமல் அவனைப் பிணையில் விட வேண்டும் என்பது 12ஆவது பிரிவு. ஜாமீன்தாரர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ, தகுதியான ஒருவரின் பொறுப்பிலோ ஒப்படைக்கலாம். மறுப்பதற்கு மூன்றே காரணங்கள்: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கு ஒழுக்க, உடல் அல்லது உளரீதியான ஆபத்து நேரும், நீதியின் நோக்கமே கெட்டுவிடும். அந்தக் காரணத்தையும் அதற்கு இட்டுச்சென்ற சூழ்நிலையையும் குழுமம் எழுத்தில் பதிவுசெய்தாக வேண்டும்.

இதற்கும் முன்னால் இன்னொரு தடுப்பு இருக்கிறது. கொடிய குற்றங்களிலும் பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படும் குற்றங்களிலும் தவிர, சிறார்மீது முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது என்கின்றன மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். சிறுவனின் நலனுக்குத் தேவைப்பட்டால் ஒழிய, பிடித்துவைக்கும் அதிகாரமும் கொடிய குற்றங்களுக்கு மட்டுமே. சட்டம் ‘கொடிய குற்றம்’ என்று சொல்வது, குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு என்று விதிக்கப்பட்ட குற்றங்களை.

பேட்டரி எந்த வகையில் வரும்? காலிமனையில் கிடக்கும் பேட்டரியைத் தூக்கினால் மூன்றாண்டுவரை தண்டனைக்குரிய திருட்டு. இளைஞர் நீதிச் சட்டத்தின் கணக்கில் சிறு குற்றம். அதே பேட்டரி ரயில்வேக்குச் சொந்தமானது என்றால், 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டத்தின்கீழ் ஐந்தாண்டுவரை போகலாம். ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. தாம்பரம் போன்ற ரயில் நகரத்தில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்புகள். குடியிருப்புகளை ஒட்டிக் காயலான் கடைகள். ஒரு பையன் கையில் கிடைக்கும் இரும்புத் துண்டில் பாதி, ரயில்வேயின் இரும்பாகவே இருக்கும். அப்படி ஒரு படி ஏறினாலும்கூட, கொடிய குற்றத்தின் எல்லையை அது தொடுவதில்லை. பிடித்து அடைத்துவைக்க வேண்டிய வகைக்குள் அது எந்தக் கணக்கிலும் வராது.

அந்த இரும்பை வாங்குபவர் யார் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். சட்டவிரோதச் செயலுக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழாண்டுவரை கடுங்காவல் என்கிறது 83ஆவது பிரிவு. வயதைக் கேட்காமல் எடைபோட்டுப் பணம் கொடுக்கும் ஒருவர்மீது அந்தப் பிரிவு பாய்ந்ததாக நான் படித்த நினைவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் பூ விற்கும் ஒரு பெண்மணியோடு குழுமம் ஒன்றின் வாசலில் காத்திருக்க நேர்ந்தது. எந்தக் குழுமம் என்பது இங்கு முக்கியமில்லை. அவருடைய மகன் கைப்பேசித் திருட்டு வழக்கில் உள்ளே இருந்தான். பிணை ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஆனால், ஜாமீன் கையெழுத்துப் போட ரேஷன் கார்டும் வீட்டுவரி ரசீதும் உள்ள இரண்டு பேர் வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாடகை வீட்டில், அதுவும் புறம்போக்கில் இருப்பவர் வீட்டுவரி ரசீதுக்கு எங்கே போவார்? “ரெண்டு பேருக்கும் நான் எவ்வளவு கொடுக்கணும் சார்?” என்று என்னிடம் கேட்டார். ஒவ்வொரு முறை வந்துபோவதற்கும் ஒரு நாள் வியாபாரம் போயிற்று. கூடையில் பூ வாடிற்று. பையன் பதினோரு நாள் உள்ளே இருந்தான்.

பிணை நிபந்தனையை ஏழு நாட்களுக்குள் நிறைவேற்ற முடியாத சிறுவனை மீண்டும் குழுமத்தின் முன் கொண்டுவந்து, அந்த நிபந்தனையையே மாற்ற வேண்டும் என்று 12ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவு சொல்கிறது. ஏழைகளை நினைத்தே எழுதப்பட்ட வரி அது. அந்தத் தாய்க்கு அதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் அன்று தெரியாது; பின்னர் சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தால் நான்கு நாட்களாவது குறைந்திருக்கும் என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் இல்லங்கள் யாருக்காக நடக்கின்றன என்பது எனக்குப் புரியத் தொடங்கியது. வீட்டில் பொறுப்பான ஆள் இல்லை, தந்தை குடிக்கிறார், குடியிருக்கும் இடம் சரியில்லை, படிப்பைப் பாதியில் விட்டவன் என்று ஓர் அறிக்கை சொன்னால் போதும். ‘ஒழுக்க, உடல், உள ஆபத்து’ என்ற விதிவிலக்கு அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. குழந்தையைக் காக்க எழுதப்பட்ட சொற்கள், வறுமையையே அடைத்துவைப்பதற்கான காரணமாக ஆக்கிவிடுகின்றன. ஆபத்தான பையன்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில், சரியான நேரத்தில், சரியான காகிதத்தோடு யாரும் வந்து நிற்காத பையன்கள் உள்ளே இருக்கிறார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பழைய அறிக்கைகளில் பிடிபட்ட சிறார்களின் குடும்ப வருமானம் அட்டவணையாக வெளிவந்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் அவர்களில் பாதிப்பேர், அதற்கும் சற்று மேல், ஆண்டு வருமானம் 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டாத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அண்மைய அறிக்கைகளில் அந்த அட்டவணையைக் காணோம். இன்னும் வெளிவருவது, சிறுவன் யாரோடு வாழ்கிறான் என்ற கணக்கு. அதில் ஆண்டுதோறும் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெற்றோருடன் வாழ்பவர்கள். அநாதைகள், தெருவில் திரிபவர்கள் என்ற படம் தவறு. ஒப்படைப்பதற்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்.

புணேயில் 2024 மே மாதம் விலையுயர்ந்த காரை ஓட்டி இருவர் சாவுக்குக் காரணமானதாகச் சொல்லப்பட்ட 17 வயதுச் சிறுவனுக்கு அன்றைக்கே பிணை கிடைத்தது. சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் சில நாட்களில் அவன் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஜூன் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் அவனை விடுவிக்க உத்தரவிட்டது. பிணையில் உள்ள சிறுவனை இல்லத்தில் வைத்திருக்க முடியாது என்பதே காரணம். என் நண்பர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. பிணை வழங்குவதே சட்டத்தின் பொதுவிதி. அதை ஒரு பணக்கார வீட்டுப் பையனுக்கு வழக்கறிஞர்கள் வாங்கித் தந்தார்கள். அதே பிரிவு, அதே வயது. தாம்பரத்துப் பையன் விஷயத்தில் ஒரு பேட்டரி. உயிரிழப்பு என்று பார்த்தால் அவனுடையது ஒன்றுதான்.

மறுபக்கத்தையும் பார்க்காமல் இருக்க முடியாது. தென்சென்னைப் புறநகரில் வாழ்பவர்களின் அச்சம் கற்பனையானது அன்று. கையில் கத்தியோடு காணொளி போடும் பையன்களையும், கொலை வழக்கில் ‘சிறார் உட்பட’ என்று முடியும் செய்திகளையும் நாம் பார்க்கிறோம். வெளியே விடப்படும் பையனைப் பழைய கூட்டம் வாசலிலேயே காத்திருந்து அழைத்துப்போவதும் நடக்கிறது. சிலரை உள்ளே வைப்பதுதான் அவர்களுக்கே பாதுகாப்பு. 16 வயதைத் தாண்டியவர்களின் கொடிய குற்றங்களுக்குச் சட்டத்தில் தனி வழி, 15ஆவது பிரிவில், இருக்கிறது. ஆனால், அவர்களுக்காகக் கட்டிய கூடத்தில் பேட்டரித் திருட்டையும் கைப்பேசித் திருட்டையும் சேர்த்து அடைத்தால், அந்தக் கூட்டம் காத்திருக்கத் தேவையே இல்லை. அறிமுகம் உள்ளேயே கிடைத்துவிடும்.

செங்கல்பட்டு மரணத்துக்குப் பிறகு தமிழக அரசு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2023 நவம்பரில் அறிக்கை தரப்பட்டது. இந்த இல்லங்களைக் கவனிக்கத் தனித் துறை வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. நல்லதே. ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலத்தில் டான் டேல் தடுப்பு மையத்தில் சிறுவர்கள் நடத்தப்பட்ட விதம் 2016இல் தொலைக்காட்சியில் வெளியானதும் உடனே அரச ஆணையம் அறிவிக்கப்பட்டது. மையத்தை மூட வேண்டும் என்று 2017இல் அறிக்கை வந்த பின்னும் அது பல ஆண்டுகள் இயங்கியது. உள்ளே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பழங்குடிச் சிறார்கள். அறிக்கைகள் எங்கே நின்றுவிடுகின்றன என்பதை அறிய, யாருடைய பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

கண்காணிப்புக்குச் சட்டத்தில் ஏற்பாடு குறைவில்லை. குழுமம் மாதம் ஒருமுறையேனும் இல்லத்தைப் பார்வையிட வேண்டும். பெண் ஒருவரும் மருத்துவ அலுவலர் ஒருவரும் அடங்கிய ஆய்வுக்குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் செல்ல வேண்டும். ஆனால், உள்ளே நுழைந்த இரண்டு நாட்களில் இறந்துபோகும் சிறுவனை மாதாந்திரப் பார்வை எப்படிக் காப்பாற்றும்? அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடியது வாசலில் எடுக்கப்படும் முடிவு மட்டுமே.

தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரியில் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. ஒவ்வொரு நகரத்திலும் சமூகப் பணியாளர்கள் இருவரைக் கொண்ட சிறார் காவல் பிரிவு இருக்க வேண்டும் என்கிறது 107ஆவது பிரிவு. குழந்தைகளைக் கையாளும் ரயில்வே காவலரும் அதில் அடக்கம் என்று தனியாகவே குறிப்பிடுகிறது. ரயில் நிலையத்தில் பிடிபடும் பையன் முதல் மணி நேரத்தில் பார்க்க வேண்டியவர், சீருடையில் இல்லாத அந்தச் சமூகப் பணியாளரும் ஓர் இலவச சட்ட உதவி வழக்கறிஞரும். இதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டிடமோ வேண்டாம்.

இன்னொன்றும் கேட்பேன். நிலுவை வழக்குகளின் விவரத்தைக் குழுமங்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாவட்டத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பியாக வேண்டும். அதோடு ஒரு தாள் சேர்த்து, பெயர்கள் இல்லாமல் பொதுவில் வெளியிடட்டும்: எத்தனை சிறார்களுக்குப் பிணை மறுக்கப்பட்டது, மூன்று காரணங்களில் எதன்பேரில், பிணை கிடைத்தும் ஏழு நாட்களுக்கு மேல் உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர். செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.