பூனைக்குப் பச்சை முட்டை கொடுக்கலாமா?

டயகமவிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: “எங்கள் பூனைக்குக் கோழி இறைச்சியைப் பச்சையாகவே போடுகிறோம். மரக்கறித் தோட்டக் காவலுக்கு நாயும் உண்டு. பச்சை முட்டை சேர்த்தால் ரோமம் பளபளக்கும் என்கிறார்கள். சேர்க்கலாமா?”

முட்டை நல்லதுதான் சகோதரி. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் அவித்தே கொடுங்கள்.

பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்றொரு பொருள் உண்டு. தோலுக்கும் ரோமத்துக்கும் வேண்டிய பயோட்டின் என்னும் விற்றமினை அது உடம்பில் சேரவிடாது. 1927இல் லண்டனில் மார்கரெட் போவாஸ் என்ற பெண் ஆய்வாளர், எலிகளுக்கு வேகாத வெள்ளைக்கருவைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார். ரோமம் கொட்டித் தோல் புண்ணாயிற்று. வேகவைத்துக் கொடுத்தபோது அந்தத் தீங்கு இல்லை. எப்போதாவது ஒரு முழு முட்டையைப் பச்சையாகக் குடித்துவிட்டால் பயப்பட வேண்டாம். மஞ்சட்கருவில் பயோட்டின் உண்டு. ரோமம் வளர என்று தினமும் பச்சை வெள்ளைக்கருவை ஊற்றினால் ரோமத்துக்கே கேடு.

அதைவிடப் பெரிய கவலை பிள்ளைகளைப் பற்றியது. பச்சை முட்டையிலும் இறைச்சியிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். பூனை நோயில்லாமலே திரியும். அதன் மலத்தில் கிருமி வெளியேறும். பூனையைக் கொஞ்சிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரலாம். கர்ப்பிணிகளும் முதியவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே இறைச்சியையும் வேகவைத்துவிடுங்கள். உப்பும் வெங்காயமும் வேண்டாம். வெங்காயம் இரண்டு பிராணிகளுக்குமே விஷம். வெந்த எலும்பைப் போடாதீர்கள். கூராக உடைந்து குடலைக் குத்தும். இறைச்சி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் சேர்த்தே ஊற்றுங்கள். பூனையின் கண்ணுக்கும் இருதயத்துக்கும் அவசியமான டாரின் என்னும் சத்து அதில் இறங்கியிருக்கும். முட்டையில் அது மிகக் குறைவு. எனவே முட்டை, இறைச்சிக்கோ மீனுக்கோ ஈடாகாது.

பூனைக்கு வாரம் இரண்டு தடவை அரை முட்டை, நடுத்தர நாய்க்கு ஒரு முட்டை போதும். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்கு நம் நாட்டில் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான நாட்களில் முட்டை பிள்ளைகளுக்கே போகட்டும். பிராணிகளுக்கு அதனால் குறை வராது.

தீனி வைத்த பின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நாயின் தட்டு தனியாகவே இருக்கட்டும். அதைச் சுத்தம் செய்யும் முறை நம் வீடுகளில் அறியாததல்ல. ரோமம் கொட்டுவது நிற்காவிட்டால் முட்டையைக் கூட்டாதீர்கள், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.